ஈரக்காட்டில் புகை

எங்கள் சித்தப்பாவுக்குக் காட்டின்மேல் திடீரென்று பிறந்த பிரியத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. ஒருவரும் என்று சொல்வது முழு உண்மையாகாது. அப்பா நம்புவதுபோல இருந்தார். அம்மா நம்பாததை மறைக்கவில்லை. ஆறு வயதுத் தம்பியோ ரயில் என்ற சொல்லைக் கேட்டதும் எதையும் நம்பத் தயாராகிவிட்டான். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் என்ன நம்ப வேண்டும் என்பதை அம்மா முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அப்போது ரங்கூனில், பபேடான் பக்கம் ஒரு செங்கல் கட்டடத்தின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா காட்டிலாகாக் கச்சேரியில் தலைமை குமாஸ்தா. சித்தப்பாவை ஊரிலிருந்து வரவழைத்து, அதே கச்சேரியில் தற்காலிக வேலை ஒன்றில் அமர்த்தியிருந்தார். சித்தப்பா பாலிஷ் போட்ட தமது பூட்சை மழையில் நனைய விடாதவர். இரண்டு தெரு தள்ளியிருக்கும் தபாலாபீசுக்கும் ரிக்‌ஷா பிடிப்பவர். அப்படிப்பட்டவர் பொங்கல் கழிந்த ஒரு நாள் சாப்பாட்டின்போது, பிள்ளைகள் தாரையும் டிராம் தண்டவாளத்தையும் தவிர வேறொன்றும் பார்க்காமல் வளருகிறார்கள் என்று வருத்தப்பட்டார். மாவ்பிக்கு அப்பால் ஈரக்காடு ஒன்றும் வறட்டுக்காடு ஒன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைக் காட்டி வருகிறேன் என்றார். அப்பா தலையை ஆட்டிவிட்டு மோர் ஊற்றச் சொன்னார். அம்மா மோர்ச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதன் உண்மைக் காரணம் எனக்குத் தெரிந்தது, அப்பா ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆன பிறகு. மாவ்பி அருகே அரசாங்கம் காவல்காடாக எல்லை போட்டிருந்த ஈரக்காட்டில் ‘கன்யின்’ என்னும் மரங்கள் நின்றன. அந்த மரத்தின் அடித்தண்டில் ஆழமாகப் பொந்து வெட்டி, அதில் நெருப்பு வைத்தால், மரம் எண்ணெய் கசியும். தீப்பந்தத்துக்கும் படகின் இடுக்கு அடைக்கவும் அது உதவும். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் அந்த எண்ணெய் அளவுக்கு மீறி விலைபோவதைப் பார்த்து, யாரோ காவல்காட்டு மரங்களைச் சுட்டு வடிக்கிறார்கள் என்று கச்சேரியில் சந்தேகப்பட்டார்கள். சேவகர்கள் போனால் கிராமத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, ஒன்றும் அகப்படுவதில்லை. ஆனால் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு காடு பார்க்க வருகிறவனை யார் சந்தேகிப்பார்கள்? வேலை அப்பாவின் யோசனைப்படி சித்தப்பாவிடம் வந்தது. வடிப்பவர்களைக் கண்டுபிடித்தால் அவருடைய உத்தியோகம் நிரந்தரமாகும். இல்லாவிட்டால் மழைக்காலத்துக்குமுன் அது முடிந்துபோகும்.

கச்சேரி விஷயம் எதையும் அப்பா வீட்டில் பேசுவதில்லை. ஆகவே அம்மா தனக்கு வேண்டிய காரணத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டாள். கல்யாணமாகாத ஆண்பிள்ளை ஒருவன் ஞாயிறுதோறும் ரயிலேறிப் போகிறான் என்றால், ரயில் நிற்கிற இடத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று அர்த்தம். எங்கள் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவருக்கு ஊரில் ஒரு குடும்பமும் இன்சீனில் ஒரு குடும்பமும் இருந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. பர்மியப் பெண்கள் சாப்பாட்டில் வசிய மருந்து வைத்துவிடுவார்கள் என்பதும் எங்கள் மாடியில் எவரும் ஐயப்படாத விஷயம். இன்று யோசிக்கும்போது எனக்கு உறுத்துவது வேறொன்று. ரங்கூனிலேயே பிறந்த நான் அதுவரை ஒரு பர்மியர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. தெருவில் பர்மியப் பிள்ளைகளோடு விளையாடி அவர்கள் மொழியைத் தண்ணீர்பட்டபாடாகப் பேசினேன். ஆனால் விளக்கு வைத்ததும் அவரவர் வாசல் அவரவருக்கு. ஒரே ஊரில் இப்படி வாழ்கிறவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எதையும் நம்பலாம்.

கிளம்பும்முன் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னல் இறுக இறுக உத்தரவும் இறுகியது.

“ஏண்டி, உன் கண்ணு சித்தப்பா மேலயே இருக்கணும். மரம் மட்டைன்னு பராக்குப் பாத்துக்கிட்டு நிக்காதே. யாரு வந்து பேசறா, என்ன வயசு, தலையில பூ இருக்கா, எல்லாம் எனக்கு வேணும். அவ வீட்டுல பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது.”

ஆக, நாங்கள் சித்தப்பாவுக்குத் திரையாகவும், நான் அம்மாவுக்குக் கண்ணாகவும் ரயிலேறினோம். தம்பி ஒருவன்தான் காடு பார்க்கப் போனான்.

க்யிம்யிண்டைங்கில் சந்தைப் பெண்கள் கூடைகளுடன் ஏறினார்கள். மீன் விழுதுக் கூடைக்காரி ஒருத்தி சித்தப்பாவைக் காலை மடக்கிக்கொள்ளச் சொன்னாள். அவள் வயதையும் பூவையும் நான் மனத்தில் வாங்கிக்கொண்டேன். அவளுக்கு என் பாட்டி வயதிருக்கும். ஆனால் எதையும் விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

மாவ்பியில் இறங்கி வண்டிப்பாதையில் வெகுதூரம் நடந்தபின், காட்டோரக் கிராமத்தின் கடைசி வீட்டில் அம்மா எதிர்பார்த்தவள் இருந்தாள். பெயர் மா சேன். புருஷனை இழந்தவள், நோயாளித் தகப்பனாருடன் இருந்தாள். கால் ஊன்றி உயர்த்திக் கட்டிய மூங்கில் வீட்டின் கீழே உட்கார்ந்து, காய்ந்த பெரிய இலைகளைக் கூரைக்காகக் கோத்துக்கொண்டிருந்தாள். தலையில் பூ இருந்தது. சித்தப்பாவைக் கண்டதும் ஸயா என்று மரியாதையாக அழைத்து, எங்களுக்குத் தண்ணீரும் அவித்த வள்ளிக்கிழங்கும் கொடுத்தாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தம்பி நான் தடுக்குமுன்பே இரண்டாவது கிழங்கில் இருந்தான்.

பிள்ளைகளுக்குக் காடு காட்ட வேண்டும் என்றதும், மா சேன் தானே வருவதாகச் சொல்லி எங்களை வறட்டுக்காட்டுக்கு அழைத்துப்போனாள். அப்படி ஒரு காட்டை நான் கற்பனை செய்திருக்கவில்லை. செங்கல்லைப் பொடித்துப் போட்டாற்போலச் சிவந்த சரளை மண். ஒன்றையொன்று தொடாமல் விலகி விலகி நின்ற, ‘இன்’ எனப்படும் மரங்கள். சாப்பாட்டு இலையளவு சருகுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, அவசரமில்லாமல் இறங்கின. கீழே விழுந்தபோது அப்பளம் உடைவதுபோல ஒலித்தன. எங்கு நின்றாலும் வானம் தெரிந்தது; நாங்கள் நால்வரும் எங்கு நின்றாலும் தெரிந்தோம். தண்ணீரைத் தக்கவைக்காத மண் ஆதலால் இந்த மரங்கள் கோடையில் இலையை உதறிவிட்டுப் பிழைக்கின்றன என்று சித்தப்பா விளக்கினார். ஆண்டுதோறும் இங்கே நெருப்புப் பிடித்து ஓடும், மரத்தின் தடித்த பட்டை அதைத் தாங்கும். ஓடைப்பக்கத்து ஈரக்காட்டிலோ தீக்குச்சி கிழித்தாலும் தீப்பற்றாது என்றார். மா சேன் தம்பிக்குச் சருகில் தொப்பி தைத்துக் கொடுத்தாள்.

ஈரக்காடு எங்கே என்று சித்தப்பா கேட்டதும் அவள் கையிலிருந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவருடைய பர்மிய மொழி கச்சேரிப் பர்மியம். ஆகவே அவள் வேகமாகச் சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன். அங்கே ஒரு நட் குடியிருக்கிறார். அந்தக் காட்டுத் தெய்வத்துக்கு வெளியார் வருவது ஆகாது. போன வருஷம் உள்ளே போன வண்டிக்காரன் ஒருவன் மூக்கில் இரத்தம் வந்து செத்தான். சித்தப்பா பணிவாகக் கேட்டுக்கொண்டு, அப்படியானால் வேண்டாம் என்றார். அவ்வளவு சுலபமாக அவர் எதையும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது, கறுத்த பச்சையாகத் திரண்டு நின்ற ஓடைக்காட்டின் உச்சியில் மெல்லிய புகை எழுவதைக் கண்டேன். அங்கேதான் தீப்பற்றாதே என்று கேட்டேன். சித்தப்பா என் தலைமேல் கையை வைத்துச் சற்றே அழுத்தினார்.

“அது பனி, பாப்பா.”

அப்போது உச்சிவெயில்.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் விசாரணை நடந்தது. வயது, பூ, பல்வரிசை, சிரிப்பு என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். புகையையும் சொன்னேன். அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. காட்டுக்குள் அவளுக்கு இன்னொரு வீடு இருக்கிறது, அது அந்த வீட்டு அடுப்பு என்றாள். பகலில் எல்லாரும் பார்க்க ஒரு வீடு, மறைவில் ஒரு வீடு. மறைவில் என்ன இருக்கும் என்பதை அவள் எனக்குச் சொல்லவில்லை. ஆயினும் அடுத்த ஞாயிறு வரை ஈரக்காடு என் மனத்தில் ஜன்னல் சாத்திய பெரிய வீடாகவே நின்றது.

அடுத்த முறை சித்தப்பா மா சேன் வீட்டுப் பக்கம் திரும்பாமல், வயல் வரப்பின்மீது சுற்றிக்கொண்டு நேராக ஓடைக்கு நடந்தார். மரங்கள் நெருங்கும் இடத்தை நாங்கள் அடைந்தபோது பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. மா சேன் மூச்சிரைக்க வந்து எங்களுக்கு முன்னால் நின்றாள். அவளுக்கும் பின்னால், காட்டின் வாயில் ஒரு பெரிய மரத்தடியில், மூங்கில் மேடை இருந்தது. அதன்மேல் நார் உரித்து வழவழவென்று சீவிய தேங்காய் ஒன்று, சிவப்புத் துணி சுற்றி, பூக்களுடன் வைக்கப்பட்டிருந்தது. நட் இருப்பதை அவள் வாயால் சொல்லத் தேவையில்லாமல் அந்தத் தேங்காயே சொன்னது. மேடையின் மூங்கில் இன்னும் பச்சையாக இருந்ததை நான் கவனித்தேன். சித்தப்பாவும் கவனித்திருப்பார்.

எங்கள் மூவரில் தெய்வத்தின் முன் என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லாதவன் தம்பி மட்டும்தான். தேங்காயும் பூவும் சிவப்புத் துணியும் இருந்தால் அது சாமி. சாமி முன்னால் இருக்கும் தேங்காய் உடைப்பதற்கு. எங்கள் தெருமுனைப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போடும்போது முட்டி மோதிக்கொண்டு பொறுக்குகிறவன் அவன். கன்னத்தில் போட்டுக்கொண்டான், துணியை உருவினான், தேங்காயை இரண்டு கையாலும் தூக்கிப் பக்கத்துப் பாறையில் ஓங்கிப் போட்டான்.

பர்மியர் நட்டுக்கு வைக்கிற தேங்காயை உடைப்பதில்லை. முழுதாக, ஒரு கீறலும் படாமல் இருப்பதே அதன் மரியாதை. இது எனக்கு அன்று தெரியாது. மா சேன் முகம் வெளிறிப்போனதைத்தான் கண்டேன். அவள் வாயைத் திறந்தாள். ஓர் அலறல் போதும், நாங்கள் மூவரும் அடுத்த ரயிலில் இருந்திருப்போம். தம்பி பயந்துபோய் வாரக்கணக்கில் காய்ச்சலில் கிடந்திருப்பான். சித்தப்பா அந்தத் திசைக்குத் திரும்பியிருக்க மாட்டார். ஆனால் தம்பி சில்லுகளைப் பொறுக்கிவந்து, சித்தப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, மிகப் பெரிய சில்லை மா சேனிடம் நீட்டிக்கொண்டு நின்றான். வாங்கிக்கொள்ளுங்கள், சாமி பிரசாதம் என்று பர்மிய மொழியிலேயே சொன்னான்.

அவள் அவனைப் பார்த்தாள். சித்தப்பா அவளைப் பார்த்தார். பிறகு அவள் மண்டியிட்டு, இரு கையாலும் அதை வாங்கிக் கடித்தாள்.

சித்தப்பா மெதுவாகக் கேட்டார்: “உங்க நட்டுக்குக் கோபம் வராதா?”

அவள் மென்றதை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள்: “குழந்தை கையால குடுத்தா அவரும் வாங்கிக்குவாரு, ஸயா.”

நானும் என் சில்லைத் தின்றேன். பர்மாக்காரி கையால் வாங்கவில்லை, தம்பி கையால்தான் வாங்கினேன் என்று எனக்கு நானே சட்டம் சொல்லிக்கொண்டேன்.

அதன்பின் அவள் எங்களைத் தடுக்கவில்லை. ஓரமாக விலகி நின்று, நாங்கள் நுழைந்ததும் பின்னால் வந்தாள். உள்ளே வெளிச்சம் பச்சையாக இருந்தது. கால் வைத்த இடமெல்லாம் கறுப்பு மண் உள்வாங்கியது. பிரம்புக் கொடிகள் பாவாடையைப் பிடித்து இழுத்தன. பெரணிகள் தம்பியை விழுங்கிவிட்டுத் திரும்பக் கொடுத்தன. ஓடை எங்கோ கேட்டதே தவிரக் கண்ணில் படவில்லை. நான் மறைவான வீட்டைத் தேடினேன். வீடு இல்லை. வானத்துக்குப் போகும் மரங்கள் இருந்தன. அவற்றின் அடியில், அடுப்பு வாய்போல, என் உடம்பு நுழையும் அளவுக்குக் கரிந்த பொந்துகள் இருந்தன. ஒன்றில் கங்கு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தகரங்களில் பழுப்பு எண்ணெய்.

சித்தப்பா குனிந்து எண்ணெயை விரலால் தொட்டு முகர்ந்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் தம்பியின் பக்கம் திரும்பி, பெரணிக்குப் பூவும் இல்லை விதையும் இல்லை, இலையின் அடியில் இருக்கும் பொடியாலேயே அது பெருகுகிறது என்று பாடம் தொடங்கினார். மரங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மா சேன் ஒரு பெரணியைப் பறித்து, இதன் குருத்தைக் குழம்பு வைக்கலாம் என்றாள்.

இரண்டு பக்கத்து நியாயங்களையும் நான் பலமுறை எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன். ஆழமாகச் சுட்ட மரம் பெருங்காற்றில் முறிந்து விழும். கண்டபடி வடித்தால் ஒரு தலைமுறையில் அந்தக் காடு இல்லை. இது மெய். எல்லைக்கல் நடுவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கிராமம் அந்த மரங்களில் பந்தத்துக்கு எண்ணெய் எடுத்துவந்தது. கல் நட்டவர்கள் அவர்களை ஒரு சொல் கேட்கவில்லை. இதுவும் மெய். அகப்பட்டால் அபராதம், கட்ட முடியாவிட்டால் சிறை. மா சேனுக்கும் அவள் தகப்பனாருக்கும் அது என்னவாக முடியும் என்பது கச்சேரியில் வேலை பார்த்த சித்தப்பாவுக்குத் தெரியாதிருக்காது. தம் நிரந்தர உத்தியோகம் அந்தத் தகரங்களில்தான் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

அன்று மாலை அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி, ஏதோ போகிறபோக்கில் கேட்பதுபோல, ஈரக்காட்டுக்குள் போனாயா என்று கேட்டார்.

“போனேண்ணா. உள்ள ஒண்ணுமில்ல. அட்டையும் பிரம்பும்தான். மரமெல்லாம் நல்லாத்தான் நிக்குது.”

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. சித்தப்பா என் பக்கம் பார்க்கவில்லை. பூட்சில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பெரியவர் ஒருவர் பொய் சொல்கிறார் என்றால் அம்மா சொன்னதெல்லாம் உண்மை என்று முடிவு கட்டினேன். அடுக்களைக்குப் போய், அவள் ஓடிவந்ததையும், மண்டியிட்டதையும், சித்தப்பா அவளிடம் மெதுவான குரலில் பேசியதையும், நாங்கள் எல்லோரும் ஒரே தேங்காயைத் தின்றதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, சித்தப்பா கச்சேரிக்குக் கிளம்பும் நேரத்தில், அம்மா அப்பாவின் முன்னிலையில் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

“தம்பி, நான் சுத்தி வளச்சுப் பேசல. அந்த மாவ்பிக்காரிக்கும் உங்களுக்கும் என்ன?”

அப்பா அதிர்ந்துபோனார். வேலையாக அனுப்பிய தன் தம்பி வேறு வேலை பார்த்திருக்கிறான் என்று அவருக்கு அந்தக் கணத்தில் தோன்றியிருக்க வேண்டும். நேற்றைய ‘ஒண்ணுமில்ல’ என்ற பதிலுக்கு இப்போது அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. உள்ளே எங்கே போயிருக்கப் போகிறான், அவள் வீட்டிலேயே பொழுதைப் போக்கியிருப்பான்.

“வாயத் தொறந்து இல்லேன்னு சொல்லேண்டா,” என்றார். அதட்டலாகத் தொடங்கிய குரல் முடிவில் கெஞ்சலாகிவிட்டது.

சித்தப்பா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காதோரம் சிவந்திருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், அப்படியானால் அங்கே இத்தனை நேரம் என்ன செய்தாய், என்ன பார்த்தாய் என்ற அடுத்த கேள்வி வரும். அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அப்பா மேலும் கொஞ்சநேரம் காத்திருந்தார். பிறகு ஊருக்குக் கப்பல் எப்போது புறப்படுகிறது என்று விசாரிக்கச் சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு தனியாகக் கச்சேரிக்குப் போனார்.

காட்டில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை என்று அப்பா கச்சேரித் துரையிடம் சொல்லி முடித்துவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார். வேறொரு குமாஸ்தாவை அனுப்பியிருக்கலாம். ஆனால் போகிறவன் தன் தம்பியின் சங்கதியைத் தெரிந்துகொண்டு வந்து கச்சேரி முழுக்கப் பரப்பிவிடுவான் என்று பயந்தாராம். குடும்ப மானம் அந்தக் காட்டுக்குச் சில வருஷங்கள் காவல் இருந்தது. அந்தக் கணக்கைச் சித்தப்பா முன்பே போட்டுப் பார்த்துத்தான் வாய் மூடி நின்றாரா, அல்லது அம்மா சந்தேகித்ததிலும் ஏதாவது இருந்ததா என்பதை நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. மண்டியிட்டு நின்றவளை அவர் பார்த்த பார்வையை நினைக்கும்போது என் தீர்ப்பு ஆடிப்போகிறது. சித்தப்பா ஊருக்குப் போய், அங்கே பார்த்து வைத்திருந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு மண்டியில் வேலை பார்த்தார். ரங்கூனுக்குத் திரும்பவில்லை.

கப்பலேற்ற எல்லோரும் போயிருந்தோம். அப்பா தள்ளி நின்று கூலிகளோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மா திருநீற்றுப் பொட்டலத்தைச் சித்தப்பாவின் சட்டைப்பையில் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் உயரத்துக்குக் குனிந்தார். நான் அழக் கூடாது என்று பல்லைக் கடித்திருந்தேன்; நான் சொன்னதால்தான் அவர் போகிறார் என்பது பாதி புரிந்திருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் காட்டு மரங்களைப் பற்றி யாராவது உன்னிடம் ஏதாவது கேட்டார்களா என்று மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். அம்மா பூவைக் கேட்டாள், சிரிப்பைக் கேட்டாள். அப்பா என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.

“யாரும் கேக்கல சித்தப்பா.”

அவர் முகம் தெளிந்தது. என் கன்னத்தைத் தட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கிடுகிடுவென்று ஆடிய பலகையில் ஏறக்குறைய ஓடியே ஏறினார். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் அப்படித்தான் சந்தோஷமாகப் போவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.